ஜூரோங்கில் இருக்கும் மகள்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. முழங்காலுக்குச் சற்று மேலே தொடை எலும்பில் புற்றுநோய். கீமோ நடக்கிறது. அடுத்து அந்த எலும்பை எடுத்துவிட்டு உலோகம் பொருத்தி, காலைக் காப்பாற்றலாம் என்கிறார் மருத்துவர். காலையே எடுத்தால்தான் நோய் திரும்பாது என்கிறார் கணவர். தினமும் சண்டை. மகள் தொடக்கநிலை 6 படிக்கிறாள். நான்கு மாதமாக ஜூரோங்கில் என் அக்கா வீட்டில் இருக்கிறாள், அவளால் தொந்தரவில்லை. நான் என்ன செய்வது?
- ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: கட்டியை, அதைச் சுற்றியுள்ள நல்ல சதையோடு சேர்த்து, மிச்சமில்லாமல் எடுக்க முடிந்தால், காலை வைத்துக்கொள்வதால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு குறைவதில்லை. முக்கிய நரம்பையும் ரத்தக் குழாயையும் கட்டி வளைத்துக்கொண்டிருப்பது போன்ற நிலையில்தான் காலை எடுக்கச் சொல்வார்கள். அதை ஸ்கேன் பார்த்தவர்தான் சொல்ல முடியும். கணவரைக் கூட்டிப் போங்கள், அவரே கேட்கட்டும். உலோக மூட்டு தளரலாம், கிருமி தொற்றலாம், பிறகு மறு அறுவை வரலாம். காற்பந்து ஆட முடியாது. இதையெல்லாம் மகனும் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

ஆனால் நான் பேச வந்தது உங்கள் மகளைப் பற்றி. கடிதத்தில் அவளுக்கு ஒரே ஒரு வரி. அதிலும் 'தொந்தரவில்லை'! அண்ணனுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தும், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதும் வருடத்தில் அம்மாவிடம் எதுவுமே கேட்காமல் ஒரு பிள்ளை இருக்கிறாள். அவள் நன்றாக இருக்கிறாள் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கேட்டால் நீங்கள் அழுவீர்கள் என்று வாயை மூடிக்கொண்டிருப்பாள். ஜூரோங்கிலிருந்து பள்ளிக்குப் போக எத்தனை மணிக்கு எழுகிறாள், சாப்பிட்டுவிட்டுப் போகிறாளா, இரவில் யாரோடு படுக்கிறாள்? மகனின் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனை எண்ணும் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். இவளைப் பற்றி இது தெரியுமா?

கீமோவில் நோயை எதிர்க்கும் வெள்ளணு குறையும், தங்கையிடமிருந்து சளி, காய்ச்சல் ஒட்டிவிடும் என்று யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். கைகழுவச் சொல்லுங்கள், அவளுக்குச் சளியோ காய்ச்சலோ வந்தால் அந்தச் சில நாள் மட்டும் தள்ளி வையுங்கள். மற்றபடி மருத்துவரைக் கேட்டுவிட்டு வீட்டில் வைத்துக்கொள்ளலாம். இந்தச் சிகிச்சை அறுவையோடு முடிவதில்லை. அதன் பிறகும் பல மாதம் கீமோ உண்டு. அவ்வளவு காலமும் பெற்ற பிள்ளையை வெளியே விட்டுவைப்பது தப்பு. அக்கா தங்கமானவராகவே இருக்கட்டும், தாய் நீங்கள்.

இந்த வாரமே அழைத்து வாருங்கள். அண்ணனின் எலும்பில் என்ன இருக்கிறது, மருத்துவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். அறுவைக்குப் பின் முழங்காலை மடக்கும் பயிற்சியில் வலி தாங்காமல் அவன் உங்கள்மேல் எரிந்து விழுவான். தங்கை உட்கார்ந்து எண்ணினால் இன்னும் நாலு முறை மடக்குவான். வேலையும் செலவும் கழுத்தை நெரித்தால் மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரைக் கேளுங்கள், அதற்காகத்தான் அவர் இருக்கிறார். மகளின் பள்ளி ஆலோசகரிடமும் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். அக்காவுக்கு உதவும் மனம் இருந்தால், அவர் ஈசூனுக்கு வந்து சமைத்துப் போடட்டும்.