மேட்ச் பார்க்கப் போகும் கடைக்காரர் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: வேளச்சேரியில் சமோசா, பப்ஸ், ஜூஸ் விற்கும் இரண்டு சிறிய கடைகளை நானும் நண்பரும் சேர்ந்து நடத்துகிறோம். மாலை ஆறு முதல் எட்டு வரை கூட்டத்தைச் சமாளிக்க முடிவதில்லை. மற்ற நேரத்தில் ஆட்கள் சும்மா நிற்கிறார்கள். சேப்பாக்கத்தில் ஐபிஎல் மேட்ச் பார்க்கப் போகலாம், தொழிலுக்கும் நிறையக் கற்றுக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். டிக்கெட் விலையோ எங்களுக்குக் கொஞ்சம் அதிகம். உண்மையிலேயே அங்கே கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

பதில்: நிறையவே இருக்கிறது. தன்னம்பிக்கை, டீம் ஒர்க் போன்ற பாடங்களுக்காக என்றால் வீட்டு டிவியே போதும், டிக்கெட் வாங்காதீர்கள். உங்களுக்கு உண்மையில் இருக்கும் சிக்கல், குறுகிய நேரத்தில் மொத்தமாக வந்து விழும் கூட்டம். சுமார் 38,000 பேர் அமரக்கூடிய சேப்பாக்கம் மைதானத்துக்கும் ஒவ்வொரு மேட்ச் அன்றும் அதே சிக்கல்தான். அங்கே கூட்டம் எந்த நிமிடத்தில் வரும் என்பது முன்கூட்டியே தெரியும் என்பதால் அளந்து பார்ப்பது சுலபம். செல்போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் ஒன்றே போதும்.

வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் ஏறினால் சேப்பாக்கம் நிலையத்திலேயே இறங்கலாம். இரவு 7.30 மணி ஆட்டம் என்றால் ஐந்தரைக்கே கேட் அருகே போய்விடுங்கள். உங்களுக்கான முதல் பாடம் அங்கேதான். ஒரு வரிசையில் ஒருவரைச் சோதித்து உள்ளே விட எத்தனை விநாடி ஆகிறது என்று பத்துப் பேருக்குப் பாருங்கள். ஆளுக்கு 6 விநாடி என்று வைத்துக்கொண்டால் ஒரு வரிசையில் மணிக்கு 600 பேர் நுழையலாம். 38,000 பேரும் மூன்று மணி நேரத்தில் சீராக வந்தால் 22 வரிசைகள் போதும். ஆனால் யாரும் சீராக வருவதில்லை. அவர்களில் 60 சதவீதம் பேர் கடைசி ஒரு மணி நேரத்தில் வந்தால் 38 வரிசைகள் வேண்டும். சராசரியை நம்பி 22 மட்டும் வைத்திருந்தால், முதல் பந்து வீசப்படும்போது 9,600 பேர் வெளியே நிற்பார்கள். உங்கள் கடையிலும் நாள் முழுவதற்குமான விற்பனையை மணிக்கணக்கால் வகுத்து ஆள் போட்டிருப்பீர்கள். ஆறு மணிக்கு அது உடைந்துபோகிறது. பில் விவரத்தை எடுத்து, ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு வாரத்துக்கு எழுதிப் பாருங்கள். ஆள் கணக்கு போட வேண்டியது அந்தத் தாளை வைத்துத்தான்.

அடுத்தது சாப்பாட்டுக் கவுன்டர். முதல் இன்னிங்ஸ் முடிந்ததும் 20 நிமிட இடைவேளை. அதற்கு முன்பே எழுந்து போய்க் கவுன்டர் ஓரமாக நின்றுகொள்ளுங்கள். 20 நிமிடம் என்றால் 1,200 விநாடி. ஒருவருக்கு 40 விநாடி ஆனால் ஒரு கவுன்டரில் 30 பேருக்குத்தான் கொடுக்க முடியும். அந்த 40 விநாடி எங்கே போகிறது என்பதுதான் முக்கியம். போர்டைப் படித்து முடிவு செய்ய, பணம் கொடுக்க, சில்லறை வாங்க, பொருளை எடுத்துக் கட்ட என்று நான்காகப் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். வரிசையில் சேர்ந்துவிட்டுப் பாதியில் விலகிப் போகிறவர்களையும் எண்ணுங்கள். பில் புத்தகத்தில் தெரியாத நஷ்டம் அது. முன்னால் 20 பேர் நிற்கிறார்கள், ஆளுக்கு 40 விநாடி என்றால் காத்திருப்பு 13 நிமிடத்துக்கும் மேல். ஆட்டம் மறுபடி தொடங்கிவிடும் என்று தெரிந்தவர் நிற்க மாட்டார்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். கூட்டம் என்றதும் இன்னொரு ஆளைப் போட்டு, ஒருவர் பணம் வாங்க, மற்றவர் பொருள் கொடுக்க என்று பிரிப்பார்கள். பணத்துக்கு 15 விநாடி, பொருளுக்கு 25 விநாடி என்றால், 25 விநாடிக்கு ஒருவர் வீதம்தான் வரிசை நகரும். இருபது நிமிடத்தில் 48 பேர். அதே இரண்டு ஆட்கள் தனித்தனிக் கவுன்டரில் முழு வேலையையும் பார்த்தால் 60 பேர். ஒரே ஒரு ஜூஸ் மிஷின்தான் இருக்கிறது, பிரித்தே ஆக வேண்டும் என்றால், பொருள் கொடுப்பவரிடமிருந்து 5 விநாடி வேலையைப் பணம் வாங்குபவருக்கு மாற்றுங்கள். கவர் பிரித்து வைப்பது, டிஷ்யூ எடுத்து வைப்பது போன்றவை. இருவருக்கும் 20 விநாடி ஆனதும் 60 பேர் கணக்கு வந்துவிடும். காசு தொட்ட கை உணவைத் தொடாது என்பதால் நாங்கள் இப்படி வேலையைச் சமமாகப் பிரிக்கும் முறையையே பரிந்துரைப்போம். பணப் பக்கம் மூன்றாவதாக ஓர் ஆளைப் போடுவது வீண். தாமதம் அங்கே இல்லை.

ஐபிஎல்லில் ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டரை நிமிட டைம் அவுட் இரண்டு உண்டு. ஒன்று 6 முதல் 9 ஓவருக்குள், மற்றொன்று 13 முதல் 16 ஓவருக்குள். அப்போது இருக்கை வரிசைகளுக்கு நடுவே தூக்கிக்கொண்டு வந்து விற்பவர் எங்கே நிற்கிறார், எத்தனை வகை வைத்திருக்கிறார், விலை முழு நோட்டாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டரை நிமிடத்தில் பத்து வகைப் பொருளோடு யாராலும் விற்க முடியாது. ஆறிலிருந்து எட்டு வரைக்கு மட்டும் உங்கள் போர்டிலும் நான்கைந்து வகையே இருந்தால் போதும், முழு மெனு மற்ற நேரத்துக்கு.

யுபிஐயையும் கவனியுங்கள். பல்லாயிரம் பேர் ஒரே இடத்தில் செல்போனைத் திறக்கும்போது நெட்வொர்க் திணறும், பணம் போனதா இல்லையா என்று வாடிக்கையாளரும் கடைக்காரரும் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பேமென்ட் 30 விநாடி தொங்கினால் பின்னால் நிற்பவர்கள் எல்லாருக்கும் 30 விநாடி கூடும். கடைக்கு வயர் இணைப்புள்ள பிராட்பேண்ட், சவுண்ட் பாக்ஸில் வேறு நிறுவனத்தின் சிம், கல்லாவில் 10, 20 ரூபாய்ச் சில்லறை. இந்த மூன்றும் தயாராக இருக்கட்டும். பணம் தொங்கியவரை ஓரமாக நிற்கச் சொல்லி அடுத்தவரைக் கவனிக்கவும் ஆட்களுக்குப் பழக்குங்கள்.

ஆட்டத்திலும் பார்க்க வேண்டியது உண்டு. டிவி கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். பந்து இல்லாத இடத்தில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது மைதானத்தில்தான் தெரியும். ஒருவர் ஸ்டம்பை நோக்கி எறியும்போது எதிர்ப்பக்கத்தில் இன்னொருவர் ஏற்கனவே ஓடி வந்து நிற்பார். எறிந்தது தவறினால் பிடிக்க. உங்கள் கடையில் மாவு மாஸ்டர் வராத அன்று யார் ஓடி வந்து நிற்பார்? அந்தப் பெயர் இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

ஒரு பவுலருக்கு 4 ஓவர்தான். சிறந்த பவுலரின் 24 பந்துகளை எங்கே செலவழிப்பது என்பதுதான் கேப்டனின் பெரிய கவலை. கடைசிக்கென்று சேர்த்து வைத்து, அதற்குள் ஆட்டம் கைநழுவினால் மிச்சமான ஓவரால் பயனில்லை. உங்களிடம் வேகமாகக் கை ஓடும் ஆள் மூன்று மணிக்கு வெங்காயம் உரித்துவிட்டு, ஆறரைக்கு டீ குடிக்கப் போகிறாரா? ஷிப்டை மாற்றுங்கள்.

வெளியே வாலாஜா சாலையில் மஞ்சள் ஜெர்சி விற்பவரையும், உள்ளே சமோசா விற்பவரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விற்காத ஜெர்சி அடுத்த மேட்ச்சுக்கு ஆகும். விற்காத சமோசா குப்பைக்குப் போகும். எவ்வளவு போடுவது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அடக்கவிலை 20, விற்பனை 50 ரூபாய் என்றால், விற்றால் 30 லாபம், மிஞ்சினால் 20 நஷ்டம். முப்பதை ஐம்பதால் வகுத்தால் 0.6. கடந்த பத்து நாள் விற்பனையைக் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசைப்படுத்தி ஆறாவது எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அடக்கமே 40 ரூபாய் என்றால் விகிதம் 0.2, அப்போது இரண்டாவது எண். அதாவது லாபம் குறைந்த பொருளைத் துணிந்து அதிகமாகப் போடக் கூடாது. சீக்கிரமே தீர்ந்துபோன நாளின் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்று எழுதி வைத்து, கூடுதலாக எவ்வளவு விற்றிருக்கும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கடை திறக்கும் எண்ணம் இருந்தால், ஐ, ஜே, கே அரங்குகளின் பக்கம் ஒரு பார்வை பாருங்கள். 2011 உலகக் கோப்பைக்காகக் கட்டப்பட்ட அந்தச் சுமார் 12,000 இருக்கைகள், கட்டட அனுமதிச் சிக்கலால் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. உணவுப் பாதுகாப்பு உரிமமும் மாநகராட்சித் தொழில் உரிமமும் அந்த இடத்துக்குக் கிடைக்குமா என்று உறுதி செய்த பிறகே டைல்ஸ், அடுப்பு என்று செலவு செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் அங்கிருந்து எடுத்து வராதீர்கள், விலையை. மைதானத்துக்குள் இருப்பவர் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப முடியாது, வெளி உணவுக்கும் அனுமதி இல்லை. அந்த விலை அதனால்தான் நிற்கிறது. உங்கள் வாடிக்கையாளருக்கு அடுத்த கடை பத்தடி தூரத்தில் இருக்கிறது.