புது ஃபோர்க்லிப்ட் பேட்டரி வந்த அன்றே வண்டியில் மாட்டி ஓட்டலாமா?

வேண்டாம். 48 வோல்ட் ஆசிட் பேட்டரி வந்து இறங்கியிருக்கிறது, வண்டி இல்லாமல் லோடிங் நிற்கிறது, அன்றைக்கே மாட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரகடம் பக்கம் கிடங்குகளில் இந்த வண்டிகளைப் பராமரிப்பதுதான் என் வேலை, அதனால் உங்கள் அவசரம் புரிகிறது. ஆனாலும் ஒரு இரவு அதைச் சார்ஜில் விட்டுவிடுங்கள்.

முதலில் எடை. 48 வோல்ட், 600 ஆம்பியர்-அவர் (Ah, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி என்றால் ஏறக்குறைய ஒரு டன் வரும். முன்னால் தூக்கும் பாரத்துக்கு ஈடுகொடுத்து வண்டியைக் கவிழாமல் பிடிப்பதில் அந்த எடைக்கும் பங்கு உண்டு. வண்டியின் தகட்டில் பேட்டரியின் குறைந்தபட்ச எடை பொறித்திருக்கும். புதியது அதைவிட லேசாக இருந்தால், வோல்ட் சரியாக இருந்தாலும் மாட்டக் கூடாது. தூக்கும்போது லிஃப்டிங் பீம் (சங்கிலிகள் நேராகத் தொங்கும்படி மேலே குறுக்காக மாட்டும் இரும்புத் தண்டு) கட்டாயம் வேண்டும். ஒற்றைக் கொக்கியிலிருந்து சங்கிலியைச் சாய்வாக இழுத்து மாட்டினால் பெட்டியின் இரண்டு பக்கமும் உள்ளே அமுங்கி, செல் (பேட்டரிக்குள் வரிசையாக இருக்கும் 2 வோல்ட் அறை) விரிசல் விட்டுவிடும். மேலே ஒரு ரப்பர் ஷீட் விரித்துக்கொள்ளுங்கள், சங்கிலி டெர்மினலில் படாது.

பேட்டரியை ஆஃப் செய்ய முடியாது, அதில் எப்போதும் கரண்ட் இருக்கும். ஒரு ஸ்பேனர் இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ஸ்பேனரே பழுத்து உருகும். மோதிரம், செயின், காப்பு, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, உறை போட்ட ஸ்பேனரோடு வேலையைத் தொடங்குங்கள். முகக் கவசம், ரப்பர் கையுறை, ஏப்ரன் மூன்றும் வேண்டும். கண்ணில் ஆசிட் பட்டால் உடனே தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், பிறகு மருத்துவமனை. அதனால் சார்ஜிங் இடத்துக்குப் பக்கத்தில் குழாய் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஆப்பசோடா தரையில் சிந்திய ஆசிட்டுக்கு மட்டும்தான், கண்ணுக்கு இல்லை.

அப்புறம் சார்ஜ். ஆசிட் நிரப்பி வந்த பேட்டரிகூட லாரியிலும் குடோனிலும் இருந்த நாட்களில் கொஞ்சம் இறங்கியிருக்கும். (ஆசிட் இல்லாமல் காய்ந்த நிலையில் வந்திருந்தால் கம்பெனி ஆளை வரச் சொல்லுங்கள், நீங்களே ஆசிட் கலக்க இறங்க வேண்டாம்.) சார்ஜரின் வோல்டேஜும் ஆம்பியரும் பேட்டரிக்குப் பொருந்துகிறதா, பிளஸ் மைனஸ் சரியா என்று பார்த்துவிட்டு, பேட்டரிப் பெட்டியின் மேல் மூடியைத் திறந்துவைத்து, காற்றோட்டமுள்ள இடத்தில் போடுங்கள். சார்ஜ் முடியும் நேரத்தில் ஹைட்ரஜன் வரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்கு வெடிக்கும். சார்ஜரை நிறுத்தாமல் கனெக்டரைப் பிடுங்கக் கூடாது என்பதற்குக் காரணம் அந்தப் பொறிதான். ஆசிட்டின் சூடு 45 டிகிரியைத் தொட்டால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

செல்லுக்குள் இருக்கும் ஈயத் தகடு ஆசிட்டுக்கு வெளியே தெரிந்தால் மட்டும் சார்ஜுக்கு முன் அது மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றலாம். மீதியை முழுச் சார்ஜுக்குப் பிறகுதான் ஊற்ற வேண்டும். சார்ஜ் ஏறும்போது குமிழியால் மட்டம் உயரும் என்பதால், முன்பே நிரப்பினால் ஆசிட் வழிந்து பெட்டியை அரிக்கும்.

பலரும் விட்டுவிடும் வேலை ஒன்று இருக்கிறது. சார்ஜ் முடிந்து ஆறியதும் 24 செல்லுக்கும் வோல்டேஜும் கிராவிட்டியும் (தண்ணீரோடு ஒப்பிட்ட ஆசிட்டின் அடர்த்தி) எடுத்து எழுதிவையுங்கள். கிராவிட்டி பார்க்கும் கண்ணாடிக் கருவியான ஹைட்ரோமீட்டரில் ஆசிட்டை இரண்டு மூன்று முறை உறிஞ்சி அதே செல்லில் விட்டு, பிறகு மிதவை கண்ணாடியில் ஒட்டாமல் நிற்கும்போது கண்மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். முழுச் சார்ஜில் பொதுவாக 1.280 அருகில் நிற்கும், உங்கள் பேட்டரிக்கான சரியான அளவு கம்பெனித் தாளில் இருக்கும். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.030 கீழே நின்றால் சமன்படுத்தும் சார்ஜ் (எல்லாச் செல்லும் ஒரே அளவுக்கு வர, கூடுதல் நேரம் போடும் சார்ஜ்) கொடுத்து மறுபடி பாருங்கள். அப்போதும் ஏறவில்லையென்றால், டெலிவரி ரசீதில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அந்த செல் நம்பரையும் அளவையும் குறிப்பிட்டு சப்ளையருக்கு எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே செல் படுத்தால், வாரண்டி கேட்க உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அந்த ஒரு தாள்தான்.