ஒளி நுண்ணோக்கிக்கு 200 நானோமீட்டர்தான் எல்லை என்று பாடப்புத்தகம் சொல்கிறதே, அப்படியென்றால் 20 நானோமீட்டர் நுணுக்கத்தில் படம் எப்படி வருகிறது?

பாடப்புத்தகத்தில் இருப்பது தப்பில்லை. 1873-இல் ஜெர்மன் இயற்பியலாளர் எர்னஸ்ட் அபே போட்ட கணக்கு அது; ஏறக்குறைய 200 நானோமீட்டருக்குள் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) நெருங்கி நிற்கும் இரண்டு புள்ளிகள், எவ்வளவு விலை கொடுத்து லென்ஸ் வாங்கினாலும், ஒரே மங்கலாகத்தான் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் ஒளிர்ந்தால்தான் அந்தச் சிக்கல்.

இந்தப் படம் எடுப்பதுதான் என் பிழைப்பு. போன கார்த்திகைக்கு அம்பாசமுத்திரம் போயிருந்தபோது ஆச்சி, "ஏலே, அங்க என்னதாம்ல வேலை பாக்க?" என்று கேட்டாள். மாடியிலிருந்து அக்கரையைக் காட்டினேன். கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து விளக்கெல்லாம் சேர்ந்து ஒரே மஞ்சள் தீற்றலாகக் கிடந்தது. ஆளுக்கொரு நேரமாக ஏற்றி அணைத்தால் எத்தனை விளக்கு என்று சொல்லிவிடலாமா என்றேன். "ஒண்ணொண்ணா எண்ணிப்புடலாம்லா. ஆனா விடிஞ்சிருமே!" என்றாள்.

அவ்வளவுதான் விஷயம், அவள் சொன்ன குறை உட்பட.

நாங்கள் படம் எடுக்கும் செல்லுக்குள் (உயிரணுவுக்குள்) விளக்காக இருப்பவை ஒளியால் இயங்கும் புரதங்கள். பவள உயிரியிலிருந்து எடுத்து மாற்றியமைத்த டிரோன்பா என்ற புரதம், 488 நானோமீட்டர் நீல லேசரில் பச்சையாக ஒளிர்ந்து மெல்ல அணையும், 405 ஊதா லேசர் பட்டால் திரும்ப விழித்துக்கொள்ளும் (பெயரில் உள்ள 'டிரோன்', ஜப்பானில் நிஞ்சா மறைவதற்குச் சொல்லும் சொல்லாம்). ஊதாவை மிகக் குறைவாக விட்டால் லட்சக்கணக்கானவற்றில் அங்கொன்றும் இங்கொன்றும்தான் விழிக்கும். ஒவ்வொன்றும் மங்கலான வட்டமாகத்தான் விழும், ஆனால் தனியாக இருப்பதால் அதன் நடுவைக் கணக்கிடலாம். 100 ஃபோட்டான் (ஒளித்துகள்) கிடைத்தால் பிழை அந்த மங்கலின் அகலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். இப்படி ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து நடுப்புள்ளிகளை மட்டும் அடுக்கினால் உங்கள் 20 நானோமீட்டர் வந்துவிடும். இதை அமெரிக்க இயற்பியலாளர்கள் எரிக் பெட்சிக்கும் ஹரால்ட் ஹெஸ்ஸும் 2006-இல் செய்து காட்டினார்கள், முதல் கருவியைக் கட்டியது ஹெஸ் வீட்டுக் கூடத்தில்! பெட்சிக்குக்கு 2014-இல் நோபல் பங்கு கிடைத்தது. ஹெஸ்ஸுக்கு இல்லை, அதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

சரி, விடிகிற கதை. ஒரு படத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகும், அதற்குள் உயிருள்ள செல் நகர்ந்துவிடும் என்பதால் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருளால் அசையாமல் நிலைநிறுத்தித்தான் எடுப்போம். அப்படியும் என் முதல் படத்தில் ஒவ்வொரு நுண்குழலும் (செல்லுக்குள் சட்டகம் போல இருக்கும் மெல்லிய குழாய்) இரட்டையாக வந்தது. ஏதோ புதுசாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு நாள் குதித்தேன். கடைசியில் பார்த்தால், நடுவில் ஏசி நின்று ஓடியதில் கண்ணாடித் தகடு 100 நானோமீட்டர் போல நகர்ந்திருக்கிறது. அதற்கப்புறம் தகட்டில் தங்கத் துகள்களை ஒட்டி, அவை நகர்கிற அளவைக் கழித்துவிட்டுத்தான் எதையும் நம்புகிறேன்.