ஒளிதான் வேகம் என்றால், சத்தத்துக்கு நாம் முந்துவது ஏன்?

விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்துவதைவிட, மணி அடித்ததும் ஏன் சீக்கிரம் அழுத்துகிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். தாமதம் வெளியே இல்லை, நமக்குள்ளேதான் இருக்கிறது. விழித்திரையில் ஒளி முதலில் சில வேதிமாற்றங்களை உண்டாக்கி, அதன் பிறகே நரம்புச் சைகையாகிறது. காதின் மயிர்ச்செல்களோ அதிர்வை நேரடியாக மின்சைகையாக்கிவிடும். அதனால் பார்த்துச் செயல்படச் சுமார் 200 முதல் 250 மில்லிவினாடி ஆனால், கேட்டுச் செயல்பட 150ஐ ஒட்டியே ஆகும். ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கி ஒலித்து 0.1 வினாடிக்குள் கிளம்பினால் தவறான தொடக்கம். அவ்வளவு சீக்கிரம் கேட்டுவிட்டுக் கிளம்ப முடியாது என்பதுதான் விதியின் கணக்கு.

சரி, எது நேரத்தைக் கூட்டும்? முதலில், தேர்வுகள். ஒரே பொத்தான் என்றால் சுலபம். பல பொத்தான்களில் சரியானதை அழுத்தச் சொன்னால் மூளைக்கு வேலை கூடும். 1868இலேயே டச்சு ஆய்வாளர் டோண்டர்ஸ் இந்த வித்தியாசத்தை அளந்தார். வயது, மது, கவனச்சிதறல் எல்லாமே மெதுவாக்கும்.

எனக்கு அதிகம் பயம் தருவது தூக்கமின்மைதான். அது வெறுமனே கொஞ்சம் தாமதப்படுத்துவதில்லை. இடையிடையே மூளை பதிலே தராமல் சில நொடி விட்டுவிடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி அரை வினாடியிலேயே 8 மீட்டர் தாண்டிவிடும். தூக்கம் வந்தால் தயவுசெய்து வண்டியை ஓரமாக நிறுத்திவிடுங்கள்.