‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்’ என்று சொல்ல வேண்டாம்: கர்ப்பிணிகளின் கேள்விகளுக்கு ஒரு மகப்பேற்று வைத்தியரின் பதில்

கேள்வி: ஏழு மாதம், டொக்டர். நேற்றிரவு சண்டையில் அவர் தள்ளிவிட்டதில் சமையலறை மேசை விளிம்பில் வயிறு பட்டது. இரத்தம் படவில்லை, பிள்ளையும் துடிக்கிறது. அடுத்த கிளினிக் வரை பொறுக்கலாமா? (வெள்ளவத்தை)

பொறுக்க வேண்டாம் தங்கச்சி, இப்போதே கிளம்புங்கள். வயிற்றில் அடிபட்டால் நச்சுக்கொடி கருப்பைச் சுவரை விட்டுப் பிரியத் தொடங்கலாம், அந்த இரத்தம் வெளியே வராமல் உள்ளேயே தேங்கியும் நிற்கும், அதனால் ‘படவில்லையே’ என்று ஆறுதல்பட முடியாது. வயிறு கல்லுப்போல இறுகினாலோ, வலி விட்டு விட்டு வந்தாலோ, நீர் போனாலோ, துடிப்பு குறைந்தாலோ உடனே 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஒன்றும் இல்லாவிட்டாலும் பிள்ளையின் இதயத்துடிப்பைச் சில மணித்தியாலமாவது மெஷினில் பார்க்க வேண்டும். டி சொய்சா மகப்பேற்று ஆஸ்பத்திரியோ காசல் வீதி மகளிர் ஆஸ்பத்திரியோ, எது கிட்டவோ அங்கே போங்கள். கிளினிக் அட்டையில் இரத்த வகை நெகட்டிவ் என்றிருந்தால் உங்கள் உடம்பு பிள்ளையின் இரத்தத்துக்கு எதிராகத் திரும்பாமல் தடுக்கிற அன்டி-டி ஊசி தேவைப்படும், அதை அடிபட்ட 72 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும்.

அப்புறம், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிக்கொண்டே சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மறைக்கிற பிள்ளைகளை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களைக் குற்றம் பிடிக்க நாங்கள் கேட்பதில்லை. எங்கே, எப்படி அடிபட்டது என்று தெரிந்தால்தான் எதைத் தேடுவது என்று எங்களுக்குத் தெரியும்.

கேள்வி: அவர் கை நீட்டுவதில்லை, வாய்தான். சம்பளக் காசையும் வாங்கி வைத்துக்கொள்கிறார், பஸ்ஸுக்குக்கூடக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். இது பிள்ளையைப் பாதிக்குமா? (கொட்டாஞ்சேனை)

பாதிக்கும். நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குவதில்லை, பஸ் காசு இல்லாததால் கிளினிக் தவறுகிறது, இரத்தம் குறைவதும் பிரஷர் ஏறுவதும் யாருக்கும் தெரியாமலே போகிறது. இப்படியான வீடுகளில் 37 வாரத்துக்கு முன் பிறக்கிற பிள்ளைகளும், 2.5 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளும், பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வில் விழுகிற தாய்மாரும் அதிகம். அடி இல்லை என்பதால் இது வன்முறை இல்லை என்று ஆகிவிடாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் மனதைக் கொடுமைப்படுத்துவதையும் சேர்த்தே சொல்கிறது.

கேள்வி: பிள்ளை பிறந்தால் அவன் திருந்திவிடுவான் என்கிறார் மாமி. (தெமட்டகொட)

அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பிள்ளை பிறந்த பிறகும் அடி தொடர்ந்த வீடுகள் எத்தனையோ.

கேள்வி: என் தங்கச்சி ஆறு மாதம். புருஷன் கிளினிக்குக்கும் கூடவே வருகிறார், அவளுடைய போனையும் பார்க்கிறார். நாங்கள் என்ன செய்யலாம்? (மட்டக்குளி)

முதலில், அவள் போனுக்கு இதைப் பற்றி மெசேஜ் போடாதீர்கள். கிளினிக்கில் எடை பார்க்க, சிறுநீர் கொடுக்க அவள் தனியாகத்தான் உள்ளே போவாள், அந்த இரண்டு நிமிடத்தில் மிட்வைஃப் மிஸ்ஸிடம் ‘வீட்டில் பயமாக இருக்கிறது’ என்ற ஒரு வார்த்தை போதும். பல அரச ஆஸ்பத்திரிகளில் வீட்டு வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவவென்றே ‘நட்பு நிலையம்’ என்ற பிரிவு இருக்கிறது. நீங்களும் 1938 மகளிர் உதவி இலக்கத்தில் பேசலாம், உயிருக்கு ஆபத்து என்றால் 119. நீதவான் நீதிமன்றத்தில், அவர் இனி வன்முறை செய்யக்கூடாது என்று தடுக்கிற பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அவளுக்காகப் பொலிஸும் விண்ணப்பிக்கலாம்.

ஆனால் ‘உடனே பெட்டியைக் கட்டு’ என்று அவளை அவசரப்படுத்த வேண்டாம், விட்டுப் போகிற நேரம்தான் அடி மோசமாகிற நேரம். அடையாள அட்டைப் பிரதி, கிளினிக் அட்டையின் பிரதி, கொஞ்சம் காசு, ஒரு மாற்றுடுப்பு, இவ்வளவையும் உங்கள் வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டு, எந்த ராத்திரியும் கதவைத் தட்டலாம் என்று அவளுக்கு நேரில் சொல்லுங்கள்.