இரண்டு சாயத்தைக் கலந்து அனோடைஸ் அலுமினியத்தில் பச்சை கொண்டுவர முடியுமா?

வீட்டில் அனோடைஸ் செய்த (அமிலத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சி, மேலே ஆக்சைடு படலம் வளர்த்த) அலுமினியப் பாகங்களுக்கு, கையிலிருக்கும் மஞ்சளையும் நீலத்தையும் கலந்து பச்சை ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்றலாம். ஆனால் ஒரே பாத்திரத்தில் கலக்காதீர்கள். நான் கலந்து கெடுத்தவன்.

அக்கா பையனுக்காகச் சின்ன லேத்தில் ஆறு அலுமினியப் பம்பரம் கடைந்தேன். பட்டு நூலுக்குப் போடும் ஆசிட் டையில் மஞ்சளும் நீலமும் வாங்கி, அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்தேன். காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் அருமையான இலைப்பச்சை. முதல் பம்பரம் கிளிப்பச்சையாக வந்தது. நாலாவது மயில்கழுத்து. ஆறாவது கிட்டத்தட்ட நீலமேதான்.

அனோடைஸ் படலம் பெயின்ட் மாதிரி மேலே பூசுவதல்ல. அலுமினியமே ஆக்சைடாக மாறி, தேன்கூடு போலத் துளைத்துளையாக நிற்கிறது. ஒரு துளையின் அகலம் சுமார் 10 முதல் 20 நானோமீட்டர்தான். சாயம் அதற்குள் புகுந்து ஒட்ட வேண்டும், எல்லாச் சாயமும் ஒரே வேகத்தில் புகுவதில்லை. என் மஞ்சள் முந்திக்கொண்டது. முதல் பம்பரங்கள் அதைக் குடித்துவிட, மிஞ்சியது நீலத் தண்ணீர். அதே கலவையில் 2 நிமிடம் வைத்ததும் 10 நிமிடம் வைத்ததும்கூட வேறு வேறு பச்சையாகத்தான் வரும்.

இப்போது தனித்தனிப் பாத்திரம் வைத்திருக்கிறேன். இரண்டும் 60 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். கொதிக்கவிட்டால் சாயம் புகுவதற்குள் துளைகள் மூட ஆரம்பித்துவிடும். முதலில் மஞ்சளில் 5 நிமிடம். நன்றாக அலசி, அப்புறம் நீலத்தில் பத்துப் பத்து விநாடியாக முக்கி எடுத்துப் பார்ப்பேன். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. மாற்றிச் செய்தால் நீலத்தின் மேல் மஞ்சள் ஏறியதே தெரியாது. கையுறை போட்டே எடுங்கள். விரல் ரேகை பட்ட இடத்தில் சாயம் பிடிக்காது. என் பம்பரம் ஒன்றில் கட்டைவிரல் அப்படியே அச்சாகியிருக்கிறது.

ஒத்திகைக்கு, பம்பரம் கடைந்த அதே அலுமினியக் கம்பியில் வெட்டிய துண்டையே எடுங்கள், அதையும் பம்பரத்தோடு சேர்த்தே அனோடைஸ் செய்யுங்கள். அலாய் (அலுமினியத்தோடு வேறு உலோகம் சேர்ந்த கலவை) மாறினாலோ படலத்தின் தடிமன் மாறினாலோ நிறமும் மாறும். 6061, 6063 என்ற எண்ணுள்ள அலாய்கள் நல்லபடி வரும். சிலிக்கான் அதிகமுள்ள வார்ப்புத் துண்டு என்றால் சாம்பல் பூத்த மாதிரிதான். கறுப்பு வேண்டுமானால் படலம் 20 மைக்ரான் பக்கம் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஊதா கலந்த பழுப்பாக நிற்கும்.

கடையில் கொடுத்து அனோடைஸ் செய்வதானால், சீல் செய்யாமல், அதாவது துளைகளை மூடாமல், தரச்சொல்லுங்கள். சீல் ஆன பாகத்தில் எந்தச் சாயமும் ஏறாது. வீட்டில் சீல் செய்ய நான் பழைய இட்லிக் குண்டானில் அரை மணி நேரம் ஆவி காட்டுகிறேன். நேரே கொதிநீரில் போட்டபோது சாயம் கசிந்து தண்ணீரே பச்சையானது. (அந்தக் குண்டான் இனி சமையலுக்கு ஆகாது, சொல்லிவிட்டேன்.) சீல் ஆன பிறகு நிறம் கொஞ்சம் மாறுவதால், ஒத்திகைத் துண்டையும் சீல் செய்த பிறகே ஒப்பிட்டுப் பாருங்கள்.

துணிச்சாயத்தில் பல வெயில் தாங்காது. பம்பரம், சாவிக்கொத்து போன்றவற்றுக்குச் சரி. சைக்கிள் பாகத்துக்கு என்றால் அனோடைஸுக்கென்றே விற்கும் சாயத்தை வாங்கிவிடுங்கள்.