கேள்வி-பதில்: கப்பல் ஏன் அந்த ஊரில் நிற்கிறது?

சொகுசுக் கப்பல் ஏன் குறிப்பிட்ட ஊரில் நிற்கிறது, டிக்கெட்டில் எங்கே ஏமாறுகிறோம் என்று வாசகர்கள் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அந்தக் கடிதங்களில் சிலவற்றை இங்கே சுருக்கித் தருகிறேன். ஏஜென்ட்டுகளின் பெயர்களையும் வசவுகளையும் வெட்டிவிட்டேன்.

மும்பைக்காரர்களுக்கு வருஷத்தில் முக்கால்வாசி நாள் கப்பல் இருக்கிறது. சென்னைக்கு மட்டும் ஆடிக்கொரு முறை அமாவாசைக்கொரு முறை. நாம் என்ன இளக்காரமா? – பெரம்பூர் வாசகர்

நீங்கள் சொன்ன வழக்கு கப்பல் விஷயத்தில் அப்படியே பலிக்கிறது. ஆடியில்தான் வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும். மும்பை, கோவா, லட்சத்தீவு ஓட்டத்தை அப்போது நடத்த முடியாது. லட்சத்தீவில் கப்பல் வெளியே நங்கூரம் போட்டுத்தான் நிற்கும், ஆட்களைப் படகில் இறக்க வேண்டும். அலை எழும்பினால் அது நடக்காது. கப்பலைச் சும்மா கட்டிவைத்தாலும் சம்பளமும் எண்ணெயும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் அந்த மாதங்களில் கிழக்குக் கரைக்கு ஓட்டி வருகிறார்கள். கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பியது இந்தக் கணக்கில்தான். ஐப்பசி வந்தால் வங்கக்கடலில் புயல் காலம். கப்பல் திரும்ப மேற்கே போய்விடும்.

இன்னொரு காரணமும் உண்டு. மும்பையில் சாயங்காலம் ஏறினால் விடியும்போது கோவா பக்கத்தில் இருக்கலாம். சென்னையிலிருந்து ஒரே இரவில் எங்கே போவது? புதுச்சேரி இருக்கிறது. ஆனால் 2022-ல் அங்கே ஆட்களை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. கப்பலில் கேசினோ இருப்பதுதான் அப்போது பெரிய பேச்சு. 2023-ல் இலங்கைக்குத் திருப்பினார்கள்: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் பாஸ்போர்ட், குடிவரவு வரிசை எல்லாம் சேர்ந்துகொள்ளும். வார இறுதிக்கு ஜாலியாக ஏறுகிற கூட்டத்தை அது கொஞ்சம் குறைத்துவிடும். சென்னைத் துறைமுகத்திலும் ஒரு குறையும் இல்லை. சுற்றி நிற்கத் தோதான ஊர்கள் போதவில்லை, அவ்வளவுதான்.

கப்பல் ஏறுகிற அன்று காலையில் விமானம் பிடித்தால் போதுமா? – திருச்சி

போதாது. முந்தின நாளே போய்ச் சேருங்கள்.

நியூ ஜெர்சியில் இருக்கிறேன். சென்னையிலிருந்து வந்த அப்பா அம்மாவை அலாஸ்கா கப்பலில் அனுப்ப ஏற்பாடு செய்தோம். "சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்குகிறார்கள், அமெரிக்க விசா போதும்" என்று அப்பாவின் சென்னை ஏஜென்ட் வாட்ஸப்பில் உறுதி சொன்னார். துறைமுகத்தில் கனடா விசா கேட்டு ஏற்றாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கனடாவின் விக்டோரியாவில் கப்பல் ராத்திரி சில மணி நேரம்தான் நிற்கிறதாம். எதற்கு அந்த ஊர்?

மனசு கஷ்டமாக இருக்கிறது, அம்மா. இதில் உங்கள் பெற்றோர் பேரில் ஒரு தப்பும் கிடையாது.

அந்த ஊர் அழகுக்காகச் சேர்ந்ததல்ல, சட்டத்துக்காகச் சேர்ந்தது. அமெரிக்காவில் 1886-ல் போட்ட பயணிகள் கப்பல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி ஏந்திய, அதாவது வெளிநாட்டில் பதிவான கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணிகளை, நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையும் தொடாமல் அமெரிக்க ஊர்களிலேயே சுற்றிக் காட்டித் திரும்ப இறக்கக் கூடாது. உள்நாட்டுக் கப்பல் முதலாளிகளைக் காப்பாற்றப் போட்ட சட்டம் அது. இன்று பெரிய சொகுசுக் கப்பல்கள் எல்லாமே பகாமாஸ், பனாமா, மால்டா என்று வெளிநாட்டுக் கொடிதான். ஹவாய் தீவுகளைச் சுற்றும் பிரைட் ஆஃப் அமெரிக்கா ஒன்றுதான் விதிவிலக்கு. ஆகவே சியாட்டில் கப்பல் கனடாவைத் தொட்டாக வேண்டும், லாஸ் ஏஞ்சலஸ் கப்பல் மெக்சிகோவின் என்செனாடாவைத் தொட்டாக வேண்டும். 2021-ல் கொரோனாவுக்காகக் கனடா தன் துறைமுகங்களைக் கப்பல்களுக்கு மூடியபோது அலாஸ்கா ஊர்களின் பிழைப்பே நின்றது. அமெரிக்க காங்கிரஸ் தற்காலிக விலக்குச் சட்டம் கொண்டுவந்த பிறகுதான் அந்த வருஷம் கப்பல் ஓடியது.

அப்படியானால் எல்லாரும் கனடாவின் வான்கூவரிலிருந்தே கிளம்பலாமே என்று கேட்பீர்கள். பல கப்பல்கள் கிளம்புகின்றன. ஆனால் அமெரிக்கப் பயணிக்கு சியாட்டில் உள்நாட்டு விமானத்தில் போகிற ஊர். தவிர, வான்கூவர் துறைமுக வாசலில் லயன்ஸ் கேட் பாலம் இருக்கிறது. புதிதாகக் கட்டும் ராட்சதக் கப்பல்கள் சில அதன் அடியில் நுழைய முடியாத உயரம்.

இப்போது பணம். அந்த வாட்ஸப் செய்தியை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. ஏஜென்ட்டுக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் அப்பா குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. கெடு இரண்டு வருஷம். விசா விஷயத்தில் தவறான உறுதி கொடுத்துச் சீட்டு விற்றது சேவைக் குறைபாடு. கப்பல் கட்டணத்தோடு விமானச் செலவையும் சேர்த்தே கேளுங்கள்.

"ரோம்" என்று போட்டிருந்தது. கப்பல் சிவித்தாவெக்கியா என்ற ஊரில் நின்றது. ரோமுக்கு டாக்ஸி கேட்ட தொகையில் எங்கள் ஊரில் ஒரு பவுன் நகைக்கு முன்பணம் கட்டலாம். இது மோசடி இல்லையா? – கோயம்புத்தூர்

மோசடி என்று நான் சொல்வேன். சட்டம் சொல்லாது. ஏனென்றால் பக்கத்திலேயே பொடி எழுத்தில் அந்த ஊர்ப் பெயரும் இருந்திருக்கும். டிக்கெட்டைப் பெரிதாக்கிப் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள்.

இந்த விஷயத்தில் எனக்குப் பழைய கடுப்பு ஒன்று இருப்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன். கப்பல் கம்பெனிகள் விற்பது துறைமுகத்தை அல்ல, துறைமுகத்திலிருந்து பஸ் பிடித்துப் போகிற ஊரின் பெயரை. ரோம் என்றால் எண்பது கிலோமீட்டர் அளவில் தள்ளியிருக்கும் சிவித்தாவெக்கியா. பிளாரன்ஸ் என்றால் லிவோர்னோ. பாரிஸ் என்றால் லெ ஹாவ்ர். அங்கிருந்து பாரிஸ் ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர், போய்த் திரும்பினாலே பொழுது முடிந்துவிடும். பெர்லின் என்றால் பால்டிக் கடலோரத்து வார்னமுண்டே. கோலாலம்பூர் என்றால் கிள்ளான் துறைமுகம். பாங்காக் என்றால் லேம் சபாங். இந்தக் கடைசி ஊரை எனக்கு நன்றாகத் தெரியும். கப்பலிலேயே விற்ற "பாங்காக் ஒரு நாள்" சுற்றுலாவை நல்ல விலை கொடுத்து வாங்கியவன் நான். நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளையும் ஒரு நகைக்கடையையும் நிதானமாகப் பார்த்தேன். கோயில் வாசலில் இறக்கிவிட்டு, உடனே வந்து ஏறச் சொன்னார்கள்.

கம்பெனிக்கு வேறு வழியில்லை என்பதும் உண்மைதான். ரோம், பாரிஸ், பாங்காக் எல்லாம் ஆற்றங்கரை ஊர்கள். பாங்காக்கின் சாவ் பிரயா ஆற்று முகத்தில் ஆழம் போதாது, பெரிய கப்பல் உள்ளே வராது. அமெரிக்காவில் டாம்பா துறைமுகத்துக்கு வெளியே சன்ஷைன் ஸ்கைவே பாலம் நிற்கிறது. அதன் அடியில் நுழைய முடியாத மிகப்பெரிய கப்பல்கள் மயாமி, போர்ட் கனாவெரல் போன்ற ஊர்களுக்குப் போகின்றன. வெனிஸ் விஷயம் இன்னும் சுவாரசியம். 2021 ஆகஸ்ட் 1 முதல் பெரிய கப்பல்கள் ஊருக்குள் கால்வாய் வழியே வர இத்தாலி தடை போட்டுவிட்டது. அதற்கப்புறமும் "வெனிஸ்" என்று விற்கிறார்கள், கப்பல் ரவென்னாவிலோ ட்ரியெஸ்தேயிலோ நிற்கிறது. இதெல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் ஆழம் போதாததால் வேறு ஊரில் நிற்பது ஒன்று, நிற்காத ஊரின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக் காசு வாங்குவது வேறு. தாம்பரத்தில் வீட்டைக் கட்டிவிட்டு மெரினா பீச் அருகில் என்று விளம்பரம் செய்தால் நம் ஊரில் விடுவோமா?

அடுத்த தடவை துறைமுகத்தின் பெயரை வரைபடத்தில் தேடிப் பாருங்கள். ரோம் போகிறவர்கள் சிவித்தாவெக்கியாவில் டாக்ஸி கேட்கவே வேண்டாம். ரயில் இருக்கிறது.

சிங்கப்பூரில் இருபது வருஷமாக இருக்கிறேன். எந்தக் கப்பலைப் பார்த்தாலும் பினாங்கு, புக்கெட், கிள்ளான். சலித்துவிட்டது. வேறு ஊரே இல்லையா?

ஊர் இருக்கிறது, எண்ணெய்க் கணக்கு இடிக்கிறது. சாயங்காலம் கிளம்பிக் காலையில் போய்ச் சேர்கிற தூரம்தான் கம்பெனிக்குப் பிடித்த தூரம். பன்னிரண்டு மணி நேரத்தில் நிதானமாகப் போனால் இருநூறு கடல் மைல் சொச்சம். அதைவிடத் தொலைவென்றால் வேகம் கூட்ட வேண்டும். வேகத்தைக் கால்பங்கு கூட்டினால் எந்திரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சக்தி வேண்டும்.

தவிர, சிங்கப்பூரை அவர்களுக்கு ஏன் பிடிக்கிறது? சாங்கி விமான நிலையம். மெரினா பே கப்பல் முனையம் 2012-ல் திறந்தது, மிகப்பெரிய கப்பலும் நிற்கும். ஒரே நாளில் சில ஆயிரம் பேரை இறக்கி, சில ஆயிரம் பேரை ஏற்றி, சாப்பாட்டுச் சாமானும் எண்ணெயும் நிரப்பிச் சாயங்காலமே அனுப்பிவிடலாம். ஏறுகிறவர்களில் உங்களைப் போல உள்ளூர்க்காரர்களும் உண்டு, இந்தியாவிலிருந்து விமானத்தில் வருகிறவர்களும் உண்டு. இருவருக்கும் மூன்று, நான்கு நாள்தான் விடுமுறை. அதற்குள் அடங்குவது நீங்கள் சொன்ன ஊர்கள்தான். டிஸ்னி அட்வென்ச்சர் கப்பலுக்குச் சிங்கப்பூரிலிருந்து 3, 4 இரவுப் பயணங்களை அறிவித்தபோது அந்தத் தொல்லையும் வேண்டாமென்று, வழியில் எந்த ஊரிலும் நிற்காமலேயே விற்றார்கள். நின்றால்தானே இறங்கிப் போய் வெளியே செலவழிப்பீர்கள்.

வேறு ஊர் வேண்டுமானால் பருவம் மாறுகையில் ஒரு கப்பல் வேறு வட்டாரத்துக்கு இடம்பெயரும் பயணத்தைப் பிடியுங்கள். ஒருவழிப் பயணம், இரவுக் கணக்கில் மலிவு, நடுக்கடலில் நாட்கள் அதிகம். திரும்ப வருகிற விமான டிக்கெட்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு மலிவா என்று முடிவு செய்யுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாங்கள். "எல்லாம் அடக்கம்" என்று சொல்லி விற்றார்கள். கப்பலில் தண்ணீர் பாட்டில், வைஃபை, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று டிப்ஸ், எல்லாவற்றுக்கும் தனி பில். கடைசி நாள் கணக்குப் பார்த்து வீட்டுக்காரர் சாப்பிடவே இல்லை. – மதுரை

அவரை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள், டீச்சர். ஏமாற்றியது அந்த ஏஜென்ட். எல்லாம் அடக்கம் என்று எழுதிய விளம்பரமோ ரசீதோ இருந்தால் மேலே சொன்ன 1915 வழி உங்களுக்கும் பொருந்தும். வாய்ப்பேச்சு மட்டும் என்றால் கஷ்டம், இருந்தாலும் புகார் போடுங்கள்.

வழித்தடத்தில் "கடலில் ஒரு நாள்" என்று எத்தனை வருகிறது என்று எண்ணிப் பார்த்தீர்களா? அந்த நாட்களில்தான் மதுக்கடையும் ஸ்பாவும் போட்டோக் கடையும் நிரம்பும். துறைமுகத்தில் கேசினோவைப் பெரும்பாலும் மூடி வைப்பார்கள், நடுக்கடலில் திறந்திருக்கும். டிக்கெட் விலையைக் குறைத்துவிட்டு, உள்ளே வைத்து வாங்குவதுதான் இந்தத் தொழில். மது குடிக்காத நானே ஒரு தடவை டிரிங்க்ஸ் பேக்கேஜ் வாங்கிவிட்டு, காசை மீட்க எலுமிச்சை ஜூஸாகக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டேன்.

புளோரிடாவிலிருந்து பகாமாஸ் போனோம். பகாமாஸ்காரர் ஊர் ஒன்றையும் பார்க்கவில்லை, கம்பெனியின் சொந்தத் தீவில் இறக்கிவிட்டார்கள். – டல்லாஸ்

அந்த வழித்தடத்தின் லட்சணமே அதுதான். ராயல் கரீபியனுக்கு கோகோகே, டிஸ்னிக்கு காஸ்ட்அவே கே, கார்னிவலுக்கு, தனித் தீவு இல்லையென்றாலும், கிராண்ட் பகாமா தீவில் 2025-ல் திறந்த செலிப்ரேஷன் கீ. 1886 சட்டத்துக்கு வெளிநாட்டுத் துறைமுகமும் ஆயிற்று, மயாமியிலிருந்து ஒரு இரவுத் தூரமும் ஆயிற்று, நீங்கள் கரையில் செலவழித்த டாலரும் கம்பெனி கல்லாவிலேயே விழுந்தாயிற்று. கடற்கரை நன்றாக இருந்ததா? இருந்தால் விடுங்கள்.

டிக்கெட் வாங்கிய பிறகு கிரீஸ் தீவுகளுக்கு என்று கூடுதல் தொகை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டியிருக்கும். 2025 முதல் சாண்டோரினி, மைகோனோஸ் தீவுகளில் கோடை சீசனில் ஒவ்வொரு தீவுக்கும் ஆளுக்கு 20 யூரோ அரசு வசூல். இப்படி ஊர்கள் ஏற்றுகிற வரியைப் பார்த்துத்தான் கம்பெனிகள் அடுத்த வருஷ வழியையும் போடுகின்றன. ஒரு தீவுக்கு 20 யூரோவுக்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள்.

காற்று பலமாக இருக்கிறதென்று புக்கெட்டைத் தவிர்த்துவிட்டார்கள். துறைமுகக் கட்டணம் என்று அற்பத் தொகை திரும்ப வந்தது. பாதிக் காசு கேட்டு வழக்குப் போடலாமா? – ஈரோடு

காற்றின் மேல் வழக்குப் போட்டு ஜெயித்தவர் இல்லை. ஒப்பந்தத்தில் வழியை மாற்றும் உரிமை கேப்டனுக்கு எழுதிக் கொடுத்துத்தான் டிக்கெட் வாங்கியிருக்கிறீர்கள்.

எட்டு பக்க ஒப்பந்தத்தையெல்லாம் யார் சார் படிப்பார்கள்? – அதே ஈரோடு வாசகர், அடுத்த மின்னஞ்சலில்

லட்சக்கணக்கில் பணம் கட்டுகிறவர்.

இரண்டு கம்பெனி, ஒரே விலை, ஒரே ஊர்கள். எதை எடுப்பது? – புதுச்சேரி

ஒவ்வொரு ஊரிலும் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். காலை ஏழு முதல் பகல் ஒன்று வரை நிற்கிற கப்பலும், எட்டு முதல் ராத்திரி எட்டு வரை நிற்கிற கப்பலும் விளம்பரத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். அப்புறம், கரையை ஒட்டி நிற்கிறதா, நங்கூரம் போட்டுப் படகில் இறக்குகிறார்களா என்று பாருங்கள். சாண்டோரினி மாதிரி படகு ஊர்களில் வரிசையிலேயே ஒரு மணி நேரம் போகலாம். அதைக் கழித்துக்கொள்ளுங்கள். மிச்ச மணி நேரம் எதில் அதிகமோ அதை எடுங்கள்.